முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்த கடன்

முழங்கால் தேய்ந்துபோனதால் டிரைவரம்மாவைப் பேருந்தைவிட்டு இறக்கிவிட்டார்கள். கிளட்சை மிதித்து மிதித்தே இடது கால் போயிற்று என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பணிமனை மேலாளர் கைகுலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் மொத்தமாக ஒரு தொகையையும் கொடுத்து அனுப்பினார். கடிகாரம் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. தொகை வங்கியில் கிடந்தது. அது அங்கே கிடக்கிறது என்ற செய்திக்கு மட்டும் கால் முளைத்து, உறவுக்குள் வீடு வீடாக நடமாடத் தொடங்கியது.

டிரைவரம்மா என்பது தெருவில் வைத்த பெயர். அந்தத் தடத்தில் பெரிய பேருந்தை ஓட்டிய முதல் பெண் அவள். பெயர் எப்படியோ வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவளுடைய கணவரே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். வேலையை விட்ட பிறகும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கையில், வெளியே ஒரு பேருந்து திருப்பத்தில் வேகமெடுத்தால் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். "நீ பிடிச்சா அது நிக்குமா?" என்பார் கணவர், காய்கறி நறுக்கிக்கொண்டே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். அண்ணனுக்கு சோபா கடை. வியாபாரம் ஓடும்போது அது அவருடைய சாமர்த்தியம். படுக்கும்போது அது குடும்பத்தின் பொறுப்பு. அப்படிப் படுத்த சமயங்களில் டிரைவரம்மா மூன்று முறை கைமாற்றுக் கொடுத்திருக்கிறாள். முதல் முறை பாதி திரும்பி வந்தது. இரண்டாவது முறை பணத்துக்குப் பதிலாக ஒரு சோபா வந்தது. மூன்றாவது முறை எதுவும் வரவில்லை. அந்த சோபாவில்தான் இப்போது அண்ணன் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் சற்று இடப்பக்கமாக நகர்ந்துகொண்டார். முதலில் உட்கார்ந்த இடத்தில் ஒரு ஸ்பிரிங் குத்தும்.

"பாப்பா, பணம் பேங்க்ல தூங்கக்கூடாது. நம்ம கடையில போடு. புதுசா ஒரு கிளை எடுக்கிறேன். வருஷக் கடைசியில பாத்துக் கொடுக்கிறேன்."

ஐம்பத்து மூன்று வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"பாத்துன்னா எவ்வளவுண்ணே?"

"என்ன கேள்வி இது. உனக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கப் போறேன்?"

"வேண்டாம்ணே. நான் வேற இடத்துல போடறதா முடிவு பண்ணிட்டேன்." அவள் கைப்பேசியை எடுத்து அவர் முன் நீட்டினாள். "இதுல கடன் கேக்கிறவங்க இருக்காங்க. நம்ம மாதிரி ஆளுங்கதான். ஒருத்தர் கேக்கிற தொகையை நூறு பேர் துண்டு துண்டாக் கொடுப்பாங்க. மாசாமாசம் தவணை, வட்டியோட வரும். கம்பெனி நடுவுல நின்னு வாங்கிக் கொடுக்கும்."

அண்ணன் கைப்பேசியைத் தொடக்கூட இல்லை. "முகம் தெரியாதவனுக்கெல்லாம் கடன் கொடுப்பே. கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்க மாட்டே. அப்படித்தானே?"

"முகம் தெரியாதவன் ஏமாத்தினா, அடுத்த கல்யாண வீட்டுல அவன் பக்கத்துல உட்கார்ந்து நான் சிரிச்சுப் பேச வேண்டியதில்லைண்ணே."

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது. தொலைக்காட்சி பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்த மகள் ஒலியைக் குறைத்தாள். மகள் வங்கியில் வேலை பார்ப்பவள், வைப்புத்தொகைப் பிரிவு. தன் அம்மாவின் பணம் தன் வங்கியைத் தாண்டிப் போகிறது என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"என்னைக்கு நான் ஏமாத்தினேன்?" என்றார் அண்ணன்.

"ஏமாத்தலை. இவருக்கு நெஞ்சு ஆபரேஷன்னு வந்தப்போ, கொடுத்ததைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டேன். சீசன் டல்லுன்னு சொன்னீங்க. பேங்க்ல போய் நின்னேன். ஏற்கெனவே சம்பளத்துல ரெண்டு பிடித்தம் இருக்குன்னு அனுப்பிட்டாங்க. அப்ப யார் கொடுத்தாங்க தெரியுமா?"

"பணிமனை சங்கத்துலதானே வாங்கினே?" என்றாள் மகள்.

"உங்ககிட்ட அப்படிச் சொன்னேன். இதுலதான் வாங்கினேன். எண்பது பேர் கொடுத்தாங்க. ஒருத்தர் முகமும் எனக்குத் தெரியாது. மூணு வருஷம் கட்டினேன், ஒரு தவணை தப்பாம. உங்கப்பா நெஞ்சுல ஓடுற ரத்தம் அந்த எண்பது பேர் காசு."

அண்ணன் எழுந்தார். தேநீர் வந்துகொண்டிருந்தது, அவர் நிற்கவில்லை. "கையைச் சுட்டுக்கிட்டு எங்கிட்டதான் வருவே," என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "சுட்டா சொல்லி அனுப்புறேன்," என்றாள் அவள்.

அவர் போன பிறகு அடுப்படியில் மகள் பிடித்துக்கொண்டாள். அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. கவுன்ட்டரில் முதியவர்களுக்கு விளக்கிச் சொல்கிற அதே பொறுமையான குரலில் பேசினாள். அதுதான் டிரைவரம்மாவுக்கு எரிச்சல்.

"அம்மா, நாங்க கொடுக்கிற வட்டியைப் போல ரெண்டு மடங்கு அவன் போட்டிருக்கான்னா அந்த அதிகப்படி சும்மா வரலை. சில பேர் கட்ட மாட்டாங்கன்னு அவனுக்கே தெரியும். அதுக்கான விலைதான் அது."

"சரி."

"பேங்க் கவுந்தா டெபாசிட்டுக்கு ஓரளவுக்குக் காப்பீடு இருக்கு. இதுல போனா போனதுதான்."

"சரி."

"நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவதுன்னா அவசரத்துக்கு எடுக்க முடியாது. அவங்க கட்டக் கட்டத்தான் வரும்."

"அதுவும் சரி."

"எல்லாம் சரின்னா ஏன் போடறே?"

"பேங்க் எனக்குக் கொடுக்கலை. இவங்க கொடுத்தாங்க."

"வீம்புக்கா முதலீடு பண்ணுவாங்க?"

"கொஞ்சம் வீம்பு. மீதி வட்டிக்கு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேரம்தான். கடைசியில் ஒத்துக்கொண்டது இது: பத்தில் ஒன்பது பங்கு வங்கியில் இருக்கும். ஒரு பங்கு, போனாலும் வீட்டில் உலை கொதிப்பது நிற்காது என்கிற ஒரு பங்கு, இதில் போகும். கணவரைக் கேட்டார்கள். "எண்பது பேர் காசுல நடமாடுறவன் நான். எனக்கு என்ன கருத்து?" என்றார்.

டிரைவரம்மா ஆட்களைப் பொறுக்கத் தொடங்கினாள். கடன் கேட்பவர்களின் பெயர் இருக்காது. தொழில், வருமானம், ஒழுங்காகக் கட்டுவாரா என்று கம்பெனி போட்ட தரம், எதற்காகக் கடன் என்று ஒரே ஒரு வரி. இத்தனை வருஷம் கண்ணாடியில் பயணிகளைப் பார்த்துப் பழகியவளுக்கு, அந்த ஒரு வரியிலேயே ஆளை எடைபோட்டுவிடலாம் என்று நினைப்பு. 'ரொட்டி அடுப்பு பழுதாகிவிட்டது, புதிது வாங்க' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்ததுமே ரொட்டி மணத்தது. மற்றவர்களுக்குக் கொடுத்ததைப்போல ஐந்து மடங்கு அவளுக்குக் கொடுத்தாள். 'இரண்டாம் கல்யாணம், செலவு' என்று ஒருவன் எழுதியிருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "முதல் கல்யாணத்தையே ஒழுங்கா நடத்தத் தெரியாதவன், தவணையையா ஒழுங்கா கட்டப் போறான்?" விரல் தவறி அவனுக்கும் ஒரு சிறு துண்டு போய்விட்டது. திரும்ப எடுக்க வழியில்லை.

ரொட்டி அடுப்பு மூன்றாவது தவணையோடு அணைந்துபோனது. ஆள் போனை எடுப்பதில்லை என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. இரண்டாம் கல்யாணக்காரனோ மாதம் பிறந்தால் முதல் ஆளாகக் கட்டினான்.

"கண்ணாடியில பின்னாடி வர்ற லாரிதான் தெரியும் போல உனக்கு," என்றார் கணவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை உண்மைதான். ஆளைக் கணிக்கிற வேலை தனக்கு ஆகாது என்று அன்றைக்கு விட்டாள். அதன் பிறகு எவருக்கும் ஒரே அளவு, சின்னத் துண்டு. மிக அதிக வட்டிக்கு ஒத்துக்கொள்கிறவர்களைத் தொடுவதில்லை. அவ்வளவு கொடுக்கத் துணிகிறவனுக்கு வேறு எங்கும் கதவு திறக்கவில்லை என்று அர்த்தம். இருநூறு பேருக்குமேல் சிதறிக் கிடந்தது அவள் பணம். பத்து பேர் நின்றுபோனாலும் மற்றவர்களின் வட்டி அதை விழுங்கிக்கொண்டு மேலே கொஞ்சம் மிச்சம் வைத்தது. ஒரு வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால், வங்கியைவிடத் தெளிவாகக் கூடுதல். தெருமுனைக் கடையில் நின்று, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்கிற அளவுக்கு அவளுக்குத் தலை நிமிர்ந்தது.

தலை நிமிர்ந்த இடத்தில்தான் கால் சறுக்கியது. மகளிடம் சொல்லாமல் இன்னொரு பங்கை எடுத்துப் போட்டாள். ஒன்று இரண்டானது.

அதற்கடுத்த மாதம் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. பணம் எடுக்கும் வசதி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுவதாகவும், வாடிக்கையாளர்களின் பொறுமைக்கு நன்றி என்றும் இருந்தது. அவள் பொறுமையாக இருப்பதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தாள், இசை கேட்டது. மறுநாள் அழைத்தாள், இசையும் நின்றுபோயிருந்தது.

அண்ணனுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, அன்று மாலையே போன் செய்தார். "கேள்விப்பட்டேன். போனது போகட்டும். மிச்சத்தையாவது காப்பாத்திக்கலாம், எங்கிட்ட கொடு."

"போகலைண்ணே. நின்னிருக்கு."

"பஸ்ஸா நின்னு கிளம்புறதுக்கு?"

போனை வைத்தாள். மகள் வேலை முடிந்து நேராக வந்தாள். அவளிடம் மறைக்கவில்லை; இரண்டு பங்கு என்று சொல்லிவிட்டாள். மகள் கைப்பையின் வாரை விரலில் சுருட்டினாள்.

"கடன் வாங்குறவங்களைப் பாத்தே. தரம் பாத்தே, வட்டி பாத்தே. நடுவுல நிக்கிறவனைப் பாக்கலைம்மா. அவன் வாடகை கட்டுறானா, சம்பளம் கொடுக்கிறானா, எங்கேர்ந்து கொடுக்கிறான், எதையுமே நாம பாக்கலை."

"நாமன்னு ஏன் சொல்றே. நான்தானே பாக்கலை."

"நான் பேங்க்ல வேலை பாக்கிறவ. எனக்காவது தோணியிருக்கணும்."

கம்பெனி ஒரு கூட்டம் கூட்டியது. வாடகை மண்டபம், நாற்காலிகள் முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில். முடி திருத்தும் கடைக்காரப் பெண் ஒருத்தி, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர் ஒருவர் என்று பலதரப்பட்ட முகங்கள். எல்லாரும் செத்த வீட்டில்போலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மேடையில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் மெழுகு தடவியதுபோல் பேசினார். கம்பெனி மூடப்படுகிறது. ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரு முதலீட்டாளர் எல்லாரும் கொடுத்த கடன்களை மொத்தமாக வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறார். போட்டதில் நூற்றுக்கு நாற்பது இன்றே கிடைக்கும். கையெழுத்துப் போட்டால் போதும். போடாதவர்களுக்கு எப்போது என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வரிசை நகரத் தொடங்கியது. முடி திருத்தும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேனாவை வாங்கினாள்.

டிரைவரம்மா எழுந்தாள். நெரிசல் நேரத்தில் பின்படிக்கட்டு வரை கேட்ட குரல் அது, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"ஒரு நிமிஷம் தம்பி. நாங்க கடன் கொடுத்தது உங்களுக்கா, வாங்கினவங்களுக்கா?"

"தொழில்நுட்ப ரீதியா, வாங்கினவங்களுக்குத்தான், ஆனா…"

"அப்ப கடை மூடினது நீங்க. அவங்க மூடலை. அவங்க இன்னும் எங்களுக்குத் தர வேண்டியதுதானே?"

"அம்மா, இது கொஞ்சம் சிக்கலான விஷயம். உங்களுக்குப் புரியாது."

"புரியிற மாதிரி சொல்லுங்க. எனக்கு வேலை இல்லை, சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்." அவள் முதல் வரிசையில், வலிக்கிற காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்தாள். வரிசை அவளைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. "நாப்பதுக்கு வாங்குறாரே, அவர் அசடா? நாப்பதுக்கு மேல வராதுன்னா வாங்குவாரா? எவ்வளவு வரும்னு அவர் கணக்கு போட்டிருப்பாரில்லையா, அந்தக் கணக்கை எங்களுக்கும் காட்டுங்க."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மகள், அம்மா எழுந்தபோது தலையைக் குனிந்துகொண்டவள், இப்போது தானே எழுந்தாள். ஒப்பந்தத்தை முந்தைய நாளே படித்திருந்தாள். கடன்காரர்கள் கட்டும் தவணை கம்பெனியின் கணக்கில் சேராது, கம்பெனி தொட முடியாத தனியான பொறுப்புக் கணக்கில்தான் சேரும் என்றும், கம்பெனி மூடினால் வசூலை வேறொருவர் நடத்த ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் கடமை என்றும் அவள் தன் கவுன்ட்டர் குரலில் சொன்னாள். அன்றைக்கு அந்தக் குரல் டிரைவரம்மாவுக்கு எரிச்சலாக இல்லை.

"கையெழுத்துப் போடுறவங்க அந்தப் பக்கம். போடாதவங்க என் பின்னாடி," என்றாள் டிரைவரம்மா. "யாரையும் தப்பு சொல்ல மாட்டேன். அவசரம் இருக்கிறவங்க வாங்கிக்கிட்டுப் போங்க. எனக்கு அவசரம் இல்லை, கோபம்தான் இருக்கு."

பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவாக அவள் பின்னால் வந்தார்கள். கப்பல் சமையல்காரர் வந்தார். ஜோடியில் கணவன் வந்தான், மனைவி முதலில் வரவில்லை. சண்டை போட்டுவிட்டு அவளும் வந்தாள். முடி திருத்தும் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கடை வாடகை பாக்கி இருந்தது. போகும்போது டிரைவரம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நடந்தது சுலபமாக நடக்கவில்லை. வசூலை நடத்தும் நிர்வாகியாக ஒரு கணக்காளரை அமர்த்த வழக்கறிஞர் வைக்க வேண்டியிருந்தது, அதற்கு எல்லாரும் பங்கு போட வேண்டியிருந்தது. அதற்குள் கம்பெனி மூடிய செய்தி கடன்காரர்கள் காதுக்குப் போய், ஒழுங்காகக் கட்டியவர்களிலேயே பலர் கையை மடக்கிக்கொண்டார்கள். இந்த ஆபத்தை மகளும் யோசித்திருக்கவில்லை.

கடன்காரர்களுக்குக் கணக்காளர் அனுப்ப வைத்திருந்த அறிவிப்பு வழக்கறிஞர் மொழியில் இருந்தது. அதோடு தன்னுடைய நாலு வரியும் போக வேண்டும் என்று டிரைவரம்மா பிடிவாதம் பிடித்தாள். 'நான் பேருந்து ஓட்டினவள். என் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு இதே இடத்தில் கடன் வாங்கி, கட்டி முடித்தேன். உங்களுக்குக் கொடுத்தது கம்பெனி இல்லை, என்னை மாதிரி ஆட்கள். கம்பெனி போய்விட்டது. நாங்கள் போகவில்லை.' 'கொடுத்தவனே ஓடிட்டான், நான் எதுக்குக் கட்டணும்' என்று ஒருவன் பதில் போட்டான். 'யாருக்குக் கட்டுவது என்று தெரியாமல்தான் நிறுத்தினேன், கணக்கு எண் தாருங்கள்' என்று சிலர் எழுதினார்கள். ரொட்டி அடுப்புப் பெண்ணிடமிருந்து எதுவும் வரவில்லை, கடைசி வரைக்கும்.

பணம் சொட்டுச் சொட்டாக வந்தது. வங்கிக் கணக்கில் ஏதாவது விழுந்தால் கைப்பேசி ஒலிக்கும், கணவர் அடுப்படியிலிருந்தே "எவ்வளவு?" என்பார். சில வாரம் தேநீர்க் காசு, சில வாரம் ஒன்றுமில்லை. நடுவில் அவருக்கு மருந்துச் செலவு கூடியபோது, அந்த இரண்டு பங்கைத் தொட முடியாமல் மற்றதிலிருந்து எடுத்தார்கள். பணம் எடுக்கும் சீட்டை மகளே நிரப்பிக் கொடுத்தாள்.

இரண்டரை வருஷத்துக்குப் பிறகு கணக்காளர் கணக்கை முடித்தார். வராக்கடன், வழக்குச் செலவு எல்லாம் கழித்து, முதல் வருஷ வட்டியைக் கூட்டிப் பார்த்தால், அவள் போட்டது முழுசாகத் திரும்பியிருந்தது. மேலே ஒரு நல்ல சமையலறைப் பாத்திரம் வாங்குகிற அளவு மிச்சம். நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் பாதிகூட வந்திருக்காது. வங்கியிலேயே இருந்திருந்தால் இன்னும் கூடுதலாக வந்திருக்கும்.

இதை அண்ணன்தான் முதலில் சொன்னார். கடையின் புதுக்கிளை விஷயமாக வந்தவர், சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, "பேசாம பேங்க்லயே போட்டிருந்தா இந்த அலைச்சல் இல்லாம இதைவிட அதிகமா கிடைச்சிருக்கும்," என்றார்.

"ஆமாண்ணே. கிடைச்சிருக்கும்."

அவர் எதிர்பார்த்தது சண்டை. சண்டை வராததால் தடுமாறினார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்: முன்பணம் கொடுத்துவிட்டார், மீதிக்கு இடிக்கிறது.

"தரேன்," என்றாள் அவள். "வட்டி இவ்வளவு. மாசம் அஞ்சாம் தேதி தவணை. பத்திரத்துல கையெழுத்து."

"அண்ணன் தங்கச்சிக்குள்ள பத்திரமா?"

"இருநூறு பேர்கிட்ட கேட்டதை உங்ககிட்ட மட்டும் கேக்கலைன்னா, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அண்ணன் மைத்துனரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார். அண்ணன் கிளம்பிப் போனார். மூன்று வாரம் பேச்சு இல்லை. அண்ணி போனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டாள். டிரைவரம்மா கேட்டுக்கொண்டாள், இறங்கி வரவில்லை. நாலாவது வாரம் அண்ணன் வந்து, அரை சதவீதம் குறைக்கச் சொல்லிப் பார்த்து, குறையாது என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "தேநீராவது உண்டா, அதுக்கும் வட்டியா?" என்றார்.

அன்று அண்ணனை வழியனுப்பிவிட்டு வந்த மகள், அம்மா மறுபடி கைப்பேசியில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். வேறொரு கம்பெனி, அதே மாதிரி வரிகள். நீர் இறைக்கும் மோட்டார். பிள்ளையின் படிப்பு. பல் கட்ட.

"அம்மா. மறுபடியுமா?"

"மறுபடியும்தான். ஒரு பங்கு. அதையும் ரெண்டு கம்பெனியில பிரிச்சு."

"பட்டது போதாதா?"

"பட்டதாலதான் எங்க அடிபடும்னு தெரியுது. நடுவுல நிக்கிறவன் கணக்கை நீ பாத்துச் சொல்லு. உனக்குச் சரியில்லைன்னா போட மாட்டேன், சத்தியமா. ஆனா போடவே கூடாதுன்னு மட்டும் சொல்லாதே. அதைச் சொல்ல இந்த வீட்டுல யாருக்கும் அதிகாரம் இல்லை."

மகள் கைப்பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, அந்தக் கம்பெனியின் வரவுசெலவு அறிக்கை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.